அங்கே சமாதானம், இங்கே திவால்

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கடற்படை மறித்துக்கொண்டது. அங்கே விளைந்த பருத்தி வெளியே போக வழியில்லை.

அடி விழுந்தது இங்கிலாந்தில்! லங்காஷயர் ஆலைகளுக்கு அந்தப் பருத்திதான் மூலப்பொருளே. ஆலைகள் மூடின. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் தர்மக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள்.

அதே போர் பம்பாயில் பணமழை பொழிந்தது. இந்தியப் பருத்திக்கு அப்படியொரு கிராக்கி. மெத்தை, தலையணையைப் பிரித்துப் பஞ்சை விற்றவர்கள்கூட உண்டாம். கையில் காசு புரண்டதும் புதுப்புதுக் கம்பெனிகள். கடலைத் தூர்த்து நிலமாக்கும் 'பேக் பே' கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு, பல மடங்கு விலைக்குக் கைமாறியது.

1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்குகள் வெறும் காகிதமாயின. அங்கே சமாதானம், இங்கே திவால்!

சரி, "இந்தச் சண்டை எதற்காக?" என்று யோசித்தது யார்? லாபம் பார்த்தவர்கள் அல்ல, பட்டினி கிடந்தவர்கள். 1862-ன் கடைசி நாளில் லங்காஷயரின் மான்செஸ்டரில் ஆலைத் தொழிலாளர்கள் கூடினார்கள். தென் மாநிலங்களின் அடிமை முறை ஒழியட்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். லிங்கனும் நெகிழ்ந்து பதில் எழுதினார்.

இன்றும் எங்கோ குண்டு விழுந்தால் நம் ஊரில் எண்ணெய் விலை ஏறுகிறது. "லிட்டர் என்ன விலை?" என்று கேட்கிறோம். "சண்டை எதற்கு?" என்றும் சேர்த்தே கேட்போமே!