கரி நெருப்பின் அருகே

இராயபுரம் என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டில் புறப்பட்ட இடம் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். அந்தப் பெயருக்குள் ஒரு மீனவர் இருக்கிறார் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இயேசுநாதரின் தலையாய சீடராகிய பேதுருவைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் இராயப்பர் என்றே அழைத்து வந்தனர். இராயப்பர் புரமே இராயபுரம் ஆயிற்று என்பர்.

இராயப்பருக்கு அங்கே கோயில் எடுத்தவர்கள் செல்வரோ ஆளுநரோ அல்லர், படகோட்டிகள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை அவர்கள் கட்டினார்கள். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் கரை சேர வேண்டுமானால், சீறி விழும் அலைகளைக் கடக்க மசூலாப் படகு ஒன்றே வழி. அந்தப் படகில் ஆணி இராது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது ஆணியடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். கடல் சீறும் நாளில் கட்டுமரக்காரர்களும் உடன் செல்வார்கள். படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவரைத் தூக்குவது அவர்கள் வேலை. விழுந்தவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அலைக்கு நடுவில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1875இல் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது; மறுபடியும் கட்டினார்கள். துறைமுகம் வளர வளர மசூலாப் படகின் தேவை குறைந்தது. பாட்டனின் தொழில் பேரனுக்கு இல்லாமற் போயிற்று. நாட்டின் முன்னேற்றம் என்று நாம் எழுதும் வரலாற்றில், ஒரு தெருவே பிழைப்பை இழந்தது ஒரு வரியாகக்கூட வருவதில்லை. ஆயினும் அவர்கள் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது.

இராயப்பர் குடும்பஸ்தர். இதையும் நாம் மறந்துவிடுகிறோம். கையில் திறவுகோலும் தலையைச் சுற்றி ஒளிவட்டமுமாகச் சுரூபத்தில் பார்த்துப் பழகியதால், அவருக்கு ஒரு மாமியார் இருந்தார் என்றால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். நற்செய்தி நூலோ அதை ஒளிக்கவில்லை. இயேசு தொழுகைக்கூடத்தை விட்டு நேரே அந்த மீனவர் வீட்டுக்குச் செல்கிறார். அங்கே மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்து எழுப்புகிறார். தொழுகைக்கூடத்திலிருந்து நோயாளியின் பாய்க்குப் போகும் அந்தச் சிறு தூரந்தான் சமயம் நடக்க வேண்டிய தூரம் என்று எனக்குத் தோன்றும்.

வடசென்னையில் அந்தத் தூரத்தை நடந்தவர்கள் உண்டு. டாக்டர் மெட்டில்டா மெக்ஃபெயில் என்னும் அம்மையார் 1888ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, வீட்டுக்குள்ளேயே நோயோடு கிடந்த பெண்கள் பலர் இருந்த காலம் அது. அவர் சிறிய அளவில் தொடங்கிய பணி வளர்ந்து, இராயபுரத்தை ஒட்டி 1914இல் ரெயினி மருத்துவமனை ஆயிற்று. அங்கே பிறந்தவர்களைக் கணக்கெடுத்தால் அதில் எல்லாச் சமயத்தாரும் இருப்பார்கள்.

வீட்டைப் பற்றிப் பேசினோம். இனி வீதிக்கு வருவோம். பொதுவாழ்வு என்றவுடன் மேடையும் மாலையும் நம் நினைவுக்கு வருகின்றன. இராயப்பரின் பொதுவாழ்வுச் சோதனை மேடையில் நிகழவில்லை. ஒரு குளிர் இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், கரி நெருப்பின் அருகே நிகழ்ந்தது. உள்ளே அவருடைய ஆசான் விசாரிக்கப்படுகிறார். வெளியே இவர் குளிர் காய்கிறார். நீரும் அவரோடு இருந்தவர்தானே என்று ஒருத்தி கேட்கிறாள். கேட்டவள் அரசியல்லள், நீதிபதியல்லள்; ஒரு பணிப்பெண். அவளுக்கு அஞ்சி, அந்த மனிதரை நான் அறியேன் என்றார், வாள் எடுத்து வீசிய அந்த வீரர். மூன்று முறை சொன்னார், சேவல் கூவிற்று.

பெரிய கேள்விகளுக்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோம். சிறிய இடத்தில், சிறியவர் ஒருவர், எதிர்பாராத வேளையில் கேட்கும் கேள்விதான் நம்மை வீழ்த்துகிறது.

எண்ணூரை எடுத்துக்கொள்ளுங்கள். அனல் மின்நிலையம், உரத் தொழிற்சாலை, வண்டித் தொழிற்சாலை, துறைமுகம் என்று நாட்டுக்கு வேண்டியவையெல்லாம் அந்தக் கரையில் எழுந்தன. அவற்றால் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பெரிகிறது. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த குப்பங்களும் அதே கரையில்தான் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதின. கசிவு பெரிதன்று என்றே முதலிற் சொல்லப்பட்டது. சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் கன்னங்கரேலென்று எண்ணெய் ஒதுங்கியது. மீனவரும், கல்லூரி மாணவரும், தொண்டர்களும் வாளி வாளியாக அதைக் கையால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், மறுபடியும் எண்ணெய் கழிமுகத்தில் பரவி வலைகளும் படகுகளும் கறுத்தன.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் வடசென்னை ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறார். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அவருடைய சித்தப்பா கழிமுகத்தில் வலை வீசுகிறவர். ஒரு நாள் சித்தப்பா வலையைத் தூக்கிக் காட்டி, "தம்பி, ராத்திரியில எத்தனை மணிக்குத் தண்ணி தெறந்து விடுறாங்க? உனக்குத் தெரியுமே" என்று கேட்டிருக்கிறார். இளைஞருக்குத் தெரியும். ஆனாலும், "எனக்குத் தெரியாது சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றிரவு தூக்கமில்லை. இதை என்னிடம் சொன்னபோது, தாம் சேவல் கூவக் கேட்டதாகச் சொல்லவில்லை. ஆலைச் சங்கு ஊதியதைக் கேட்டேன் என்றார்.

அடுத்த மாதம் அதிகாரிகள் ஆலைக்கு வந்து விசாரிக்க இருக்கிறார்கள். அவரை அழைத்தும் கேட்கக்கூடும். அவருடைய தாயார் என் வீட்டுக்கு வந்தார்கள். "ஐயா, ரெண்டு தங்கச்சிங்க கல்யாணத்துக்கு நிக்குது. இவன் சம்பளத்துலதான் அடுப்பெரியுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமற்ற கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். உண்மை பேசு என்று ஊதியம் குறையாத என் நாற்காலியிலிருந்து சொல்லுவது எளிது. விலை கொடுக்கப் போகிறவள் அந்தத் தாய். ஆனால் வலையின் விலையைச் சித்தப்பா முன்னமே கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவரும் அந்தக் குடும்பந்தான்.

இராயப்பரின் கதை சேவலோடு முடியவில்லை. உயிர்த்தெழுந்த ஆசான் விடியற்காலையில் ஏரிக்கரையில் நிற்கிறார். அங்கேயும் கரி நெருப்பு, அதன்மேல் மீன். இரவெல்லாம் உழைத்துக் களைத்தவர்களை முதலில் உண்ண அழைக்கிறார். உண்ட பிறகே, என்னை நேசிக்கிறாயா என்று இராயப்பரை மூன்று முறை கேட்கிறார். ஏன் மறுத்தாய் என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், அம்மா. தங்கைகளும் உடன் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு எல்லாரும் சேர்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகும் நான் வர வேண்டுமென்றால் வருகிறேன்." அவர்கள் ஒன்றும் சொல்லாமல் எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அவருக்கு மீன் கொழம்புன்னா உசிரு" என்றார்கள். பிறகு, இந்த நாளில் எண்ணூர் மீன் எங்கே கிடைக்கிறது, காசிமேட்டுக்குத்தான் போக வேண்டும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு போனார்கள்.