யாருக்கு எந்தப் புத்தகம்?



நூலக வார விழாவில் ‘எனக்குப் பிடித்த புத்தகங்கள்’ என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறேன். எனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? எந்தப் புத்தகத்தை யார் கையில் கொடுக்கலாம் என்று பேசினால் வீட்டுக்குப் போகும்போது உங்களுக்கு ஒரு பயன் இருக்கும். தலைசிறந்த நூறு, கட்டாயம் படிக்க வேண்டிய பத்து என்று பட்டியல்கள் வருகின்றன. அவற்றில் புத்தகங்களின் பெயர் இருக்கும். படிக்கப் போகிறவர் யார் என்ற நினைப்பே இருக்காது.

அந்த நினைப்பு இருந்த ஒரு மனிதர் நம் சீர்காழியில் பிறந்தார். எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைத்தாக வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்கு அடுத்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது: நூலுக்கும் அதற்கு ஏற்ற வாசகர் கிடைத்தாக வேண்டும். அலமாரியில் தூசி படிந்து நிற்கிறதே ஒரு புத்தகம், அதற்கும் இந்த ஊரில் ஒரு ஆள் இருக்கிறார், அவரைத் தேடு என்கிறார். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். ஆளைத் தேடிப் புத்தகம் நடந்த காலம் அது.

சரி, இங்கே இருக்கிற ஆட்களைப் பார்ப்போம்.

முதலில் பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை. வகுப்பில் அடங்கி உட்காராது, ஜன்னலைப் பார்க்கும், டீச்சர் வரச் சொன்னார் என்று மாதம் ஒரு முறை அம்மா போய் நிற்பார். அந்த வீட்டுக்கு ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’ போக வேண்டும். ஜப்பானியத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற டெட்சுகோ குரோயாநாகி தன் சிறு வயதைப் பற்றி எழுதியது. 1981இல் ஜப்பானில் வந்தது, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமியை அம்மா இன்னொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அங்கே வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். தலைமை ஆசிரியர் கோபயாஷி, அம்மாவை அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீ என்ன வேண்டுமானாலும் பேசு என்று அந்தக் குழந்தையிடம் சொல்கிறார். நான்கு மணி நேரம் பேசுகிறாள். நான்கு மணி நேரமும் அவர் கேட்கிறார். கொட்டாவி விடவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. போலியோவால் கைகால் முடங்கிய நண்பனை அவள் மரத்தில் ஏற்றிவிடும் ஒரு அத்தியாயம் உண்டு. அதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்தப் பள்ளி 1945இல் போர் விமானங்கள் போட்ட குண்டில் எரிந்து போனது. அதையும் மறைக்காமல் சொல்லும் புத்தகம் இது.

இதைப் பிள்ளைக்கு வாங்குங்கள் என்றுதான் ஆரம்பித்தேன். உண்மையில் நான் இதைக் கொடுக்க நினைப்பது அந்த அம்மாவுக்கும் டீச்சருக்கும். வயதைப் பார்த்துப் புத்தகத்தைப் பிரித்து வைப்பதில் இருக்கும் கோளாறு இதுதான். குழந்தை இலக்கியம் என்று ஓர் அலமாரியில் வைத்துவிட்டால் பெரியவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் பாருங்கள். எந்த அலமாரியில் வைப்பீர்கள்? ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், பக்கத்தில் பணக்கார வீட்டுப் பையன் ஒருவன், நாளை தீபாவளி. உடம்பெல்லாம் சிரங்கோடு, திக்கற்ற ஒரு சிறுவன் இந்த ஏழை வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவனுடைய பெயர் ராஜா. தாய் அவனைக் குளிப்பாட்டுகிறாள். அவனுக்கு உடுத்தத் துணி வேண்டும். வீட்டில் கணவனுக்கென்று வாங்கிய ஒரு புதுத் துண்டு இருக்கிறது. அந்த இடத்தில் அவள் தயங்குகிறாளே, ஒரே ஒரு கணம், அதை எழுதியதற்காகவே அழகிரிசாமியைக் கும்பிடலாம். தியாகத்தின் வடிவமாக அவளை அவர் காட்டவில்லை. தயங்கிவிட்டுக் கொடுக்கிறாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை புரியும். அறுபது வயதுக்காரர் படித்தால் தன் அம்மாவை நினைத்துக்கொள்வார். தீபாவளிக்கு முதல் நாள் இரவு வீட்டில் யாராவது ஒருவர் இதை உரக்கப் படியுங்கள், மற்றவர்கள் கேட்கட்டும்.

படக்கதை படிக்கிற பிள்ளையைக் கண்டிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விட்டுவிடுங்கள். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது இரும்புக்கை மாயாவியை ஒளித்து வைத்துப் படித்த தலைமுறைதான் பிறகு நாவல்களுக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேலை அலுக்காமல் இருக்க ஒரு கதை வேண்டும், அவ்வளவுதான். மாயாவியில் ஆரம்பித்த பையனுக்கு அடுத்து சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைக் கொடுங்கள். புத்தகம் படிக்கிற இயந்திர நாய் ஜீனோவை அவன் மறக்க மாட்டான். நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிற காலத்தை எண்பதுகளில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது அவனுக்குக் கூடுதல் வியப்பாக இருக்கும்.

பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் இந்தக் கூட்டத்தில் குறைவு. வெளியே நிற்பார்கள், சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஒரு வாசல்தான். ‘அசுரன்’ பார்த்தாயா என்று கேளுங்கள். பார்த்திருப்பான். அது பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து வந்தது என்று சொல்லி, 1982இல் வந்த அந்தச் சிறிய நாவலைக் கையில் கொடுங்கள். கதையில் வருகிறவன் அவன் வயதுதான். கொலை ஒன்றைச் செய்துவிட்டு அப்பாவோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறான். படத்தில் பெரிதாகக் காட்டியதெல்லாம் புத்தகத்தில் அடங்கிய குரலில் இருக்கும். கிணறு, பனங்காடு, கல்லடுப்பில் பொங்கும் சோறு, இருட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது. திரையில் பார்க்காத ஒன்றைப் புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டான் என்றால், அப்புறம் அவன் தானாகவே நூலகத்துக்கு வருவான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு, வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு, நான் கொடுக்க விரும்புவது உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இந்த மேடையில் நான் சொல்லும் புத்தகங்களில் தடிமனானது இதுதான். பயப்பட வேண்டாம். ஆனந்த விகடனில் 1940 முதல் வாராவாரம் வந்த தொடர் அது, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சிறுகதை அளவுதான். உத்தமதானபுரத்துச் சங்கீத வித்துவான் ஒருவருக்கு 1855இல் பிறந்த மகன், தமிழ் கற்றுக்கொடுக்க ஆள் தேடி அப்பாவோடு ஊர் ஊராக அலைகிறான். ஒரு ஊரில் வாத்தியார் இருக்கிறார், சாப்பாட்டுக்கு வழியில்லை. இன்னொரு ஊரில் சாப்பாடு கிடைக்கிறது, வாத்தியார் இல்லை. கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறான். அவருடைய கடைசிக் காலம் வரை கூடவே இருந்து படிக்கிறான்.

இதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த இடம். 1880. கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்துவிட்டது, இருபத்தைந்து வயது. ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்தியவை ஏதாவது உண்டா என்கிறார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை. இவர் அவற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இத்தனை ஆண்டு உழைத்துப் படித்த ஒருவருக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும்! கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஐயர் சுவடி தேடிப் புறப்பட்டார். ஏழு ஆண்டுகளில், 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. ஒருவர் இன்னொருவரிடம் இதைப் படித்தீர்களா என்று கேட்டதற்கு இதைவிடப் பெரிய விளைவு தமிழில் உண்டானதாக எனக்குத் தெரியாது. ‘என் சரித்திர’த்தை எழுதி முடிப்பதற்குள் ஐயர் 1942இல் காலமானார். அவர் விட்ட இடத்தில் அது நிற்கிறது.

ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. பெண்களுக்கான எழுத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராஜஸ்தானத்தில் பெரிய வீடு, பெரிய குடும்பம், மூலையில் வெளிச்சமில்லாத சமையலறை. பெண்களுக்கு அதன் இருட்டு மனப்பாடம். படிக்க வேண்டியவர்கள் நாம். படித்து முடித்ததும் எழுந்து போய் நம் வீட்டுச் சமையலறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உழைக்கிற மனிதர்களுக்கு அவர்களுடைய தொழில் தெரிந்த எழுத்தைக் கொடுங்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய் அந்த மக்களோடு பழகி ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் எழுதியதை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். தினம் இரண்டு வேளை தேநீர் குடிக்கிற எல்லோரும் அதைப் படிக்கலாம். மலேயா, மேடான், பினாங்கு என்று தாத்தா போன கதை உங்கள் வீட்டில் உண்டா? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ உங்களுக்காக எழுதப்பட்டது. முதல் சில பக்கங்கள் திணறடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார்களை விட்டுவிடக் கூடாது. கி. ராஜநாராயணனை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமலே புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்த்தப்பட்டவர் அவர். ‘கோபல்ல கிராம’த்தைக் கேட்கிற பாட்டி நடுவில் நிறுத்தித் தன் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்கு ஒரு நாவலைச் சொல்லப் போகிறேன். சிலர் வருத்தப்படலாம். தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. வங்காளத்திலிருந்து த. நா. குமாரசாமி மொழிபெயர்த்தது, சாகித்திய அகாதெமி வெளியீடு. நாடி பிடித்தே மரணம் எப்போது வரும் என்று சொல்லிவிடுகிற ஒரு கிராமத்து வைத்தியர். ஊருக்குப் புது டாக்டர் வந்துவிட்டார், ஊசியும் மாத்திரையும் வந்துவிட்டன. கிழவரின் வைத்தியத்தைப் பழமை என்று ஒதுக்குகிறார்கள். யார் சரி என்று கதை தீர்ப்புச் சொல்வதில்லை. புதிய மருந்து பிழைக்க வைக்கிறது, அதையும் காட்டுகிறது. கிழவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அந்த மருந்தில் இல்லை, அதையும் காட்டுகிறது. வயதானவர்கள் கையில் சாவைப் பற்றிய புத்தகத்தையா கொடுப்பது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கொடுங்கள். அதைப் பற்றி அவர்கள் நினைக்காத நாள் இல்லை. பேசத்தான் வீட்டில் யாரும் இல்லை. இந்த நாவல் அவர்களோடு பேசும்.

இனி பள்ளி ஆசிரியர்களிடமும் விழாக் குழுக்களிடமும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு விழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே புத்தகத்தைக் கட்டாக வாங்கி வந்து கொடுக்காதீர்கள். அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில் ஒரு பையன். வேறு பிள்ளைகளுக்குப் பெயர் எழுதி டைரி கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டித் தன் பெயரை எழுதித் தரச் சொல்கிறான். ஒரு பிள்ளை எதிர்பார்ப்பது என்ன என்று அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓடுகிற பிள்ளைக்கு ஒன்று, பறவை பார்க்கிற பிள்ளைக்கு ஒன்று, பேசாத பிள்ளைக்கு ஒன்று என்று தேடி வாங்குங்கள். முதல் பக்கத்தில் பெயரை உங்கள் கையால் எழுதுங்கள்.

நான் சொன்ன புத்தகங்களில் எது இந்த நூலகத்தில் இல்லையோ, அதைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால்தான் எது வேண்டும் என்று நூலகருக்கும் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது, ஒலிவாங்கியைக் கீழே அனுப்புகிறேன். விருப்பமுள்ளவர்கள் ஒரே ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள். அதை இந்த ஊரில் யாருக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா, மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை, நீங்கள் முதலில் கை தூக்கினீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.