அலமாரியில் ஓர் இடம்

(பட்டிமன்றத் தலைப்பு: ‘ஒரு சாராருக்கென்று தனி நூலகம் – மக்களைப் பிரிக்கிறதா? சேர்க்கிறதா?’ ‘சேர்க்கிறது’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாகக் கேட்டார்: “சரஸ்வதிக்கு நிறம் உண்டா? எழுத்துக்கு ஆண்பால் பெண்பால் உண்டா? எல்லாப் புத்தகத்தையும் ஒரே அலமாரியில் அகர வரிசையில் அடுக்கிவிட்டுப் போங்களேன்!” நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுத்தான் யோசித்தேன். அகர வரிசையில் அடுக்கணும்னா முதல்ல புத்தகம் கையில் இருக்கணுமே! இல்லாத புத்தகத்தை எந்த எழுத்தில் அடுக்குவது? (சிரிப்பு)

அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். அது லேசான கேள்வி இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் வெள்ளையருக்கு ஒரு நூலகம், கறுப்பருக்கு ஒரு நூலகம். 1961 மார்ச் 27. மிசிசிப்பி மாநிலம், ஜாக்சன் நகரம். டூகலூ கல்லூரியின் ஒன்பது கறுப்பின மாணவ மாணவியர் வெள்ளையருக்கான பொது நூலகத்துக்குள் போனார்கள். சத்தம் போடவில்லை, கல் எறியவில்லை. உட்கார்ந்து படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது! பிள்ளை படிக்கலைன்னு அப்பா அடிக்கிறதைப் பார்த்திருக்கோம். படிச்ச குற்றத்துக்குப் பிள்ளைங்களைப் பிடிச்சிட்டுப் போன கதை ஐயா இது.

“அப்படிப் போராடி அந்தச் சுவரை இடித்த மக்களே இன்றைக்குத் தங்களுக்கென்று தனி நூலகம் வைக்கலாமா?” இதுதான் சகோதரியின் கேள்வி. நியாயமான கேள்வி. பதில் நான் சொல்வதைவிட, ஒரு நூலகமே சொல்லட்டும்.

நியூயார்க் நகரத்தில் புரூக்ளின். அதிலே பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் என்று ஒரு பேட்டை. கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம். 2015-இல் அங்கே ஓலாரோங்கே அகின்மோவோ என்ற கலைஞர், ஒரு பெண்மணி, நூறு புத்தகங்களைச் சேர்த்தார். நூறும் கறுப்பினப் பெண்கள் எழுதியவை. கட்டடம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மாதம் இங்கே, அடுத்த மாதம் அங்கே என்று புத்தகங்களைக் கொண்டுபோய்ப் பரப்பி வைத்தார். நாம நூலகத்தைத் தேடிப் போவோம். அங்கே நூலகம் ஆளைத் தேடிப் போனது. ‘ஃப்ரீ பிளாக் விமன்ஸ் லைப்ரரி’ என்று பெயர். கறுப்பினப் பெண்களின் இலவச நூலகம்.

அதற்கு ஒரே ஒரு சட்டம். கேளுங்கள். ஒரு புத்தகம் கொண்டு வா. ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போ. கொண்டு வருகிற புத்தகம் ஒரு கறுப்பினப் பெண் எழுதியதாக இருக்க வேண்டும். தீர்ந்தது சட்டம். சந்தா இல்லை. அபராதம் இல்லை. நம்ம வீடுகளில் காப்பித்தூள் கைமாற்று வாங்குகிற மாதிரிதான்!

நடுவர் அவர்களே, இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜாக்சன் நகர நூலகத்தின் வாசலில் கேட்ட கேள்வி என்ன? “நீ யார்?” இந்த நூலகத்தில் கேட்கிற கேள்வி என்ன? “நீ என்ன புத்தகம் கொண்டு வந்தாய்?” வெள்ளைக்காரர் வரலாம், ஆண்கள் வரலாம், யார் வேண்டுமானாலும் வரலாம். தனி என்பது எழுதியவருக்குத்தான். வாசிக்கிறவருக்கு வாசல் அகலத் திறந்திருக்கிறது. அது சுவர். இது கதவு. (கைதட்டல்)

அது மட்டுமில்லை. இதுவரை ஒரு கறுப்பினப் பெண்ணின் புத்தகத்தையும் தொடாத ஒரு மனுஷன் அங்கே வருகிறார் என்று வையுங்கள். ஒரு புத்தகம் பிடித்துப்போகிறது. எடுக்கணும்னா ஒன்று கொடுக்கணும். வீட்டில் இல்லை. புத்தகக் கடைக்குப் போகிறார், “கறுப்பினப் பெண் எழுதியது ஏதாவது இருக்கா?” என்று கேட்கிறார். நாலு பேர் அப்படிக் கேட்டால் கடைக்காரர் வாங்கி வைப்பார். வாங்கி வைத்தால் பதிப்பகம் அச்சடிக்கும். ஒரு சின்னச் சட்டம், வாசகரையே தேட வைத்துவிட்டது! இது பிரிக்கிற வேலையா, சேர்க்கிற வேலையா?

“சரி, அப்படித் தேடித்தான் ஆகணுமா? நல்ல புத்தகம் தானே நிற்காதா?” என்பார்கள். நிற்காது ஐயா. இரண்டே சான்று.

ஃபில்லிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு, 1761-இல் பாஸ்டன் நகரில் விற்கப்பட்ட குழந்தை. அவளைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் ஃபில்லிஸ். அதையே அவளுக்குப் பெயராக வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து கவிதை எழுதியது. 1773-இல் லண்டனில் அவளுடைய நூல் வெளிவந்தது. நாமெல்லாம் புத்தகம் போட்டால் அணிந்துரை வாங்குவோம். அந்தப் பெண்ணின் நூலில் என்ன இருந்தது தெரியுமா? “இவள்தான் இதை எழுதினாள் என்று நம்புகிறோம்” என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள், ஆளுநர் உட்பட, கொடுத்த உறுதிமொழி! அணிந்துரை இல்லை ஐயா, பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து! அவளுடைய இரண்டாவது தொகுப்புக்குப் போதுமான ஆதரவு கிடைக்கவில்லை. 1784-இல் இறந்துபோனாள். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்து, ஸோரா நீல் ஹர்ஸ்டன். 1937-இல் ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ என்ற நாவலை எழுதியவர். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடம். ஆனால் 1960-இல் ஃபுளோரிடாவில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தபோது அடக்கச் செலவுக்கு மற்றவர்கள் பணம் திரட்ட வேண்டியிருந்தது. கல்லறைக்கு ஒரு கல் இல்லை. அவர் எழுதிவைத்த தாள்களைக் குப்பையென்று நினைத்து எரித்தார்கள். அவரை அறிந்த ஒரு காவல் அதிகாரி அந்த வழியாக வந்தவர், பார்த்து, தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்தார். அந்தத் தாள்களில் பிழைத்தவை இன்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்த ஒரு மனிதர் வேறு தெரு வழியாகப் போயிருந்தால்?

13 வருஷம் கழித்து, 1973-இல், ஆலிஸ் வாக்கர் என்ற இளம் எழுத்தாளர், அவரும் கறுப்பினப் பெண், அந்தக் கல்லறையைத் தேடிப் போனார். இடுப்பளவு புதர். விசாரிக்கிறவர்களிடம் “நான் ஸோராவின் மருமகள்” என்று பொய் சொன்னார். தேடிப் பிடித்துக் கல் நட்டார். அந்தக் கல்லிலே பிறந்த வருஷம் 1901 என்று தப்பாகப் பொறித்திருக்கிறது, உண்மையில் 1891. இருக்கட்டும் ஐயா! பிறந்த வருஷம் தெரிந்தவர்கள் யாரும் கல் நடலையே! 1978-இல் அந்த நாவல் மறுபடி அச்சுக்கு வந்தது. கல் நட்டாரே, அந்த ஆலிஸ் வாக்கர், அவருக்கு 1983-இல் புலிட்சர் பரிசு. நாவலுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்.

“சரிதான், 1993-இல் டோனி மாரிசனுக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டதே, இனி என்ன தனி அலமாரி?” என்கிறார்கள். நம்ம தெருவில ஒரு பையன் மாநிலத்தில் முதல் மார்க் வாங்கிட்டான்னா, தெருவில இருக்கிற மத்தப் பிள்ளைங்க எல்லாரும் பாஸா? (சிரிப்பு)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மனசு மட்டும் போதாது, வாடகை கொடுக்கணும். ஏழு வருஷம் ஊர் சுற்றிய அந்தப் புரூக்ளின் நூலகத்துக்கு 2022-இல்தான் அதே பேட்டையில் நிலையான இடம் கிடைத்தது. ஆனால் நூறில் தொடங்கிய புத்தகங்கள் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டன. எல்லாம் கையோடு கை மாறி வந்தவை.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. எனக்குப் புத்தகப் பைத்தியம். “வீட்டில் ஆள் படுக்க இடமில்லை, புத்தகம் கால் நீட்டிப் படுத்திருக்கு” என்பாள் என் மனைவி. ஒருநாள் என் மகள் அலமாரி முன்னால் நின்று கேட்டாள்: “அப்பா, இதுல பெண்கள் எழுதினது எத்தனை?” எண்ணினேன். இரண்டு கைவிரல்கள் போதும். விரல் மிச்சமும் இருந்தது. இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன் தலைகுனிந்து நின்றேன்.

நான் எந்தப் பெண்ணையும் வேண்டாமென்று ஒதுக்கியவன் இல்லை. ஆனாலும் அவர்கள் என் அலமாரியில் இல்லை. அன்றைக்குத்தான் புரிந்தது ஐயா: பிரிப்பதற்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், தானாகப் பிரிந்துவிடும். சேர்ப்பதற்குத்தான் ஒருத்தர் எழுந்து போகணும். புதருக்குள் போகணும். நெருப்பை அணைக்கணும். நூறு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரணும்.

மணி அடித்துவிட்டார்கள். அந்த நூலகம் யாரையும் பிரிக்கவில்லை. பிரிந்து கிடந்தவர்களைக் கூட்டி வந்திருக்கிறது. எனவே தனி நூலகம் சேர்க்கிறது, சேர்க்கிறது என்றே நடுவர் அவர்கள் தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டு, அமர்கிறேன்.