மாதம் நூறு டாலர்

அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2013இல் ஊழியர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. இடுப்பை அளந்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, இணையத்தில் ஒரு கேள்வித்தாளையும் நிரப்ப வேண்டும். மறுத்தால் மாதம் 100 டாலர் சம்பளப் பிடித்தம். மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகிறதாம், அதற்குத்தான்.

கேள்விகளைக் கேளுங்கள்! பெண்களிடம், அடுத்த ஒரு வருஷத்தில் கர்ப்பமாகும் எண்ணம் உண்டா என்று. மாமியார்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்பார். பேராசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள், செப்டம்பரிலேயே பல்கலைக்கழகம் அபராதத்தை நிறுத்திவைத்தது.

ஆனாலும் புகைபிடிக்கும் ஊழியரிடம் காப்பீட்டுச் செலவில் 50 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்க அந்நாட்டு விதி இடம் தருகிறது. புகையை நிறுத்தும் பயிற்சியை முடித்தால் கட்ட வேண்டாம். முடித்தபிறகும் சிகரெட்டை விட முடியவில்லையா? அப்போதும் கட்ட வேண்டாம்.