குழலும் என் தோள் வலியும்



"தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசேன்" என்றார் செயலாளர். நான் புல்லாங்குழலைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள், வாசிக்க மாட்டேன்!

மூன்றாம் ஆண்டுக் கலைவிழா சிலருக்கு நினைவிருக்கும். பாதிக் கீர்த்தனையில் இடது கை விரல்கள் மரத்துப்போய் மேடையிலிருந்து இறங்கியவன் நான்தான். அதன்பின் பத்து வருஷம் குழலைத் தொடவில்லை.

மறுபடி எடுத்தபோது அரை மணியில் தோளும் கழுத்தும் வலி. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் என் பெரியப்பா பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, குழலைப் பிடிச்சிருக்கியா, திருடனைப் பிடிச்சிருக்கியா? பாவுதான் விறைப்பா இருக்கணும். நெய்யுறவன் விறைச்சுக்கிட்டா சாயங்காலம் குழியை விட்டு எழுந்திருக்க முடியாது."

இன்ஜினியரான எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். விரலின் சதைப்பகுதி துளையை மூடிவிட்டால் காற்று கசியாது. அதற்குமேல் அழுத்தும் அழுத்தம் நாதத்துக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை, வீண். அழுத்திய விரல் கமகத்துக்கு நகரவும் நகராது. மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் (1926-1986) வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொண்டுவந்தாரே, துளையைப் பாதி மூடியும் திறந்தும் உருளும் அந்த விரல்களுக்கு இறுக்கம் ஆகாது.

இறுக்கம் எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். ஷட்ஜத்தில்! நம் குழலில் ஷட்ஜத்துக்கு இரண்டே துளைகளை மூடுகிறோம். மற்ற விரல்கள் மேலே நிற்கின்றன. குழல் உருண்டுவிடுமோ என்ற பயத்தில் கட்டைவிரல் நெரிக்கிறது. அது மணிக்கட்டுக்கும் தோளுக்கும் ஏறுகிறது. கீழுதடு, இடது ஆள்காட்டி விரலின் அடி, வலது கட்டைவிரல் இந்த மூன்றிலும் குழல் சும்மா படுத்திருந்தால் போதும். மூங்கிலுக்கு என்ன பெரிய கனம்?

மேல் ஸ்தாயி இன்னொரு வம்பு. உதட்டு இடைவெளியைச் சற்றுக் குறைத்து, காற்றை வேகமாக விட்டால் மேல் ஸ்வரம் பேசும். நானோ தாடையைக் கடித்து, தோளைத் தூக்கி, மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது குழலை எடுக்குமுன் மூச்சை முழுவதும் வெளியே விடுகிறேன், தோள் தானே இறங்கும். பிறகு வயிறு விரிய மூச்செடுத்து ஷட்ஜம் மட்டும் ஐந்து நிமிஷம். வலித்தால் நிறுத்திவிடுவேன். மாணவர்களே, விரல் அடிக்கடி மரத்தால் என்னைப்போல் பத்து வருஷம் சும்மா இருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

நாற்பது நிமிஷம் வாசிக்க முடிகிறது. மேல் ஸ்தாயியில் வலது தோள் இன்னும் ஏறத்தான் செய்கிறது. பெரியப்பா தறியில் இருந்தபடியே கனைக்கிறார்.