வீட்டை எரித்தவரும் ஆணையிட்டவரும்

போர் ஓய்ந்த நாட்டில் மனித உரிமை என்றதும் அரசமைப்புச் சட்டம், தேர்தல், நீதிமன்றம் என்று பலரும் அடுக்குவார்கள். கிழக்குத் திமோரின் சிற்றூர்களில் எழுந்த கேள்வியோ வேறு. பக்கத்து வீட்டை எரித்தவர் ஊருக்குத் திரும்பி வந்து நிற்கிறார். அவரை என்ன செய்வது?

1975 டிசம்பரில் இந்தோனீசியப் படை அங்கே நுழைந்தது. 1974 முதல் 1999 வரையிலான பூசலில் கொலையாலும் பசியாலும் நோயாலும் குறைந்தது 102,800 பேர் மாண்டதாக உண்மை ஆணையம் பின்னர் கணக்கிட்டது. 1999 ஆகஸ்டு 30ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலையை நாடினர். முடிவு வெளியான கையோடு, இந்தோனீசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகத் தீ வைத்தன. நீதிமன்றக் கட்டடங்களும் தப்பவில்லை. நீதிபதிகளும் நாட்டைவிட்டுப் போய்விட்டனர். சட்டம் படித்திருந்தும் ஒரு வழக்கையும் விசாரித்திராத இளைஞர்களே புதிய நீதிபதிகளாக அமர்ந்தனர்.

2002இல் பணி தொடங்கிய ஆணையம் ஒரு பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தது. ஊர் நடுவே பெரிய பாய் விரிக்கப்படும். பெரியவர்கள் வெற்றிலை பாக்குடன் அமர்வார்கள். வீடு எரித்தவர், மாடு திருடியவர், அடித்தவர் அங்கே வந்து செய்ததைச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். மன்னிப்பு, ஊர்ப்பணி, இழப்பீடு என ஏதாவது ஒன்று முடிவாகும். அதை மாவட்ட நீதிமன்றம் பதிவு செய்யும். சொன்னபடி செய்து முடித்தவர்மீது பிறகு வழக்கு கிடையாது. 1,371 பேர் இப்படி ஊரோடு இணைந்தனர். நம் கிராமத்துப் பஞ்சாயத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையல்ல. ஆனால் கொலையும் வன்புணர்வும் இந்தப் பாய்க்கு வரக்கூடாது என்று விதி இருந்தது. அந்த விதிதான் இதற்கு மதிப்பைத் தந்தது.

அந்தப் பெருங்குற்றங்களுக்கென்று அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2005க்குள் 84 பேருக்குத் தண்டனை விதித்தது. பெரும்பாலோர் உள்ளூர்க் கையாட்கள். குற்றம் சாட்டப்பட்ட 300க்கும் அதிகமானோர், படைத் தளபதிகள் உட்பட, எல்லைக்கு அப்பால் இருந்தனர். ஜக்கார்த்தாவில் 18 பேர்மீது வழக்கு நடந்து 6 பேர் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில் அனைவரும் விடுதலையாயினர். சுவாய் தேவாலயப் படுகொலை வழக்கில் தேடப்பட்ட ஒருவர் 2009இல் கிழக்குத் திமோரிலேயே பிடிபட்டார். வாக்கெடுப்பின் பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், நீதிமன்றத்தைக் கேட்காமல், டிலி அரசு அவரை இந்தோனீசியத் தூதரகத்திடம் ஒப்படைத்தது.

பெரிய அண்டை நாட்டைப் பகைத்துச் சிறிய நாடு பிழைக்க முடியாது என்பது டிலித் தலைவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாயில் அமர்ந்து தலைகுனிந்த ஏழை விவசாயிக்கு ஒரு நீதி, ஆணையிட்ட அதிகாரிக்கு வேறொரு நீதியா?

இழப்பீட்டுக்கு அந்த வாதமும் பொருந்தாது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் அநாதைகளுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் உதவ வேண்டும் என்று ஆணையம் 2005இல் பரிந்துரைத்தது. அதற்கான சட்ட முன்வரைவு 2010லும் 2012லும் நாடாளுமன்றத்தில் தள்ளிப்போனது. விடுதலைப் போராளிகளுக்கோ ஓய்வூதியம் வந்து சேர்ந்தது. நாட்டுக்கு எண்ணெய் வருமானம் உண்டு. 2005 முதல் பெட்ரோலிய நிதியும் உண்டு.

2025 அக்டோபரில் கோலாலம்பூரில் கிழக்குத் திமோர் ஆசியானின் 11ஆவது உறுப்பினரானது. அடுத்தவர் உள்விவகாரத்தில் தலையிடாத அந்த மேசையில் 1999 பேசப்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் முதுமையடைந்துவிட்ட அந்தப் பெண்களுக்கு உதவித்தொகை வழங்க டிலி அரசு ஜக்கார்த்தாவின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.