கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்கள்?



பொள்ளாச்சியில் இளநீர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும் லாரியானாலும் சரி, லீவு நாளில் வால்பாறைக்குச் சேர்ந்து கிளம்பும் மூன்று கார்களானாலும் சரி, எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. பிறகு எதற்கு வண்டியில் ஒரு ரேடியோ செட்? சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ என்று இணையத்தில் பார்த்து ஆசைப்படுகிற இளவட்டங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

செல்போனில் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறோம், நடுவே டவர் வேண்டும். சி.பி. செட்டில் மைக்கின் பட்டனை அழுத்திப் பேசினால், அக்கம்பக்கத்தில் அதே சேனலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். டவர் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது, நம்பர் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் 1958-லேயே 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பொதுமக்களுக்கென்று ஓர் அலைவரிசைப் பட்டையை ஒதுக்கினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் அது நாடு முழுக்கப் பரவியது. 19-ஆம் சேனல் நெடுஞ்சாலைக்கு, 9-ஆம் சேனல் அவசரத்துக்கு என்று பழக்கமும் ஆயிற்று.

நம் ஊரில் அந்தப் பழக்கம் வேர்விடவில்லை. கோயம்புத்தூரில் இருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி என்று திண்டுக்கல் வரை 19-ஆம் சேனலைத் திறந்து வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இரைச்சல்தான் கேட்கும். ஆக, வழியில் போகிற முகம் தெரியாத லாரிக்காரரோடு பேசலாம் என்ற நினைப்பில் இங்கே செட் வாங்குவது வீண் செலவு. சேர்ந்து போகிற வண்டிகளுக்குள் பேசிக்கொள்ளத்தான் அது உதவும். ஜோடியாக லோடு எடுக்கும் லாரிகள், பின்னாலேயே சப்போர்ட் வண்டியோடு போகும் போர்வெல் ரிக் வண்டி, வால்பாறை தாண்டி மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடி இறங்கும் காட்டுச் சாலையில் போகிற குடும்பங்கள். அந்தக் காட்டில் போன் சிக்னல் விட்டுப்போகும் இடங்கள் உங்களுக்கே தெரியும். பின்னால் வந்த கார் பஞ்சராகி நின்றால், முன்னால் போனவர்களுக்கு அது எப்போது தெரியும்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில், 5 வாட்டுக்கு மேற்படாத செட்டுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். அமெரிக்க செட்டில் 40 சேனல் இருக்கும், அதன் கடைசிச் சேனல் 27.405-ல் நிற்கிறது. நம் பட்டையோ 27.283-லேயே முடிந்துவிடுகிறது. அந்தச் செட்டின் 27-ஆம் சேனல் 27.275, உள்ளே இருக்கிறது. 28-ஆம் சேனல் 27.285, வெளியே போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் மாமா ஆசையாக வாங்கி அனுப்பிய 40 சேனல் செட்டில், கடைசிப் பதின்மூன்று சேனலில் நீங்கள் பட்டனை அழுத்தினாலே விதிமீறல்தான். அதில் எஸ்.எஸ்.பி. என்ற முறை இருந்தால் 12 வாட் வரை போகும், அதுவும் நம் 5 வாட்டைத் தாண்டியது. தூரம் கிடைக்கும் என்று சொல்லி ‘லீனியர்’ என்ற பூஸ்டரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால், வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு, எந்தச் செட்டும் ஆகும் என்று அர்த்தமில்லை. அந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு கொடுத்த இ.டி.ஏ. என்ற ஒப்புதல் இருக்க வேண்டும். அந்த ஒப்புதல் செட்டோடு சேர்ந்த ஆன்டெனாவுக்கா, கூரையில் தனியாக வைக்கும் ஆன்டெனாவுக்கா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா, ஒப்புதல் உண்டா என்று எதுவும் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சீன செட்டுகளில் பல, போலீசும் மற்ற துறைகளும் பேசிக்கொள்ளும் அலைவரிசையிலும் நுழையக்கூடியவை. தெரியாமல் வாங்கினேன் என்பது மாட்டிக்கொள்ளும்போது பதிலாகாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2018-ல் வந்த விதியில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு பட்டைக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று ஆயிற்று. கைக்கு அடக்கமான செட், அரை வாட் அளவு சக்தி, ஆன்டெனா அதிலேயே பொருத்தியிருக்கும். காரின் தகரக் கூட்டுக்குள் இருந்து பேசினால் ஒரு கிலோமீட்டர், நேர்ச்சாலையாக இருந்தால் இன்னும் கொஞ்சம். மூன்று கார் முன்னும் பின்னுமாகப் போக அது போதும். என்னைக் கேட்டால், குடும்பத்தோடு டாப்சிலிப்போ வால்பாறையோ போகிறவர்களுக்கு இந்தச் செட்டே சரி. துளை போட வேண்டாம், ஒயர் இழுக்க வேண்டாம்.

27 மெகாஹெர்ட்ஸ் செட்டை லாரியில் மாட்டுகிறவர்களுக்குத்தான் வேலை இருக்கிறது. முதல் வேலை கரண்ட். செட் 12 வோல்ட்டில் ஓடுவது. நம் பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதைச் செட்டுக்கு நேராகக் கொடுத்தால் செட் கருகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சில எலெக்ட்ரீஷியன்கள் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் ஒயர் இழுத்துக் கொடுப்பார்கள். செட் ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக இறங்க, மற்றதை ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் ஏற்ற, இரண்டும் சீக்கிரமே கெட்டுப்போகும். பழி செட்டின் மேல் விழும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை வாங்கி மாட்டுவதே முறை. மட்டமான கன்வெர்ட்டர் செட்டுக்குள் ‘ஙொய்’ என்று இரைச்சலைக் கிளப்பும், அதில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரிப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

அடுத்தது ஆன்டெனா. செட்டில் போடும் பணத்தைவிட இதில் போடும் பணம்தான் தூரத்தைத் தரும். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால்பங்கு என்றால் ஒன்பது அடிக் கம்பி. லாரியின் தலைமேல் ஒன்பது அடிக் கம்பியை நட்டுக்கொண்டு தோப்புக்குள் லோடு ஏற்றப் போனால் மட்டையும் மின்கம்பியும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அடியில் சுருள் வைத்து நீளத்தைக் குறைத்த மூன்று நான்கு அடி ஆன்டெனா போதும். அதற்கு அடியில் இரும்பு வேண்டும். கேபினின் தகரக் கூரை நல்ல இடம். ஃபைபர் மூடி மேல் வைத்தால் ஆன்டெனா பாதி ஊமை.

மாட்டியதும் பேசிவிடாதீர்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று ஒன்று உண்டு. செட் அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனா வழியாக வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். வண்டியை ஷெட்டுக்குள்ளோ மரத்தடியிலோ வைக்காமல் வெட்டவெளியில் நிறுத்திக் கதவை மூடிக்கொண்டு அளக்க வேண்டும். அமெரிக்கப் புத்தகங்கள் 1-லும் 40-லும் அளக்கச் சொல்லும். நாம் 1-லும் 27-லும் அளப்போம். 27-ல் எண் கூடுதலாக வந்தால் கம்பி நீளம், கொஞ்சம் இறக்குங்கள். 1-ல் கூடுதலாக வந்தால் கம்பி குட்டை, ஏற்றுங்கள். ஒன்றரைக்குள் வந்தால் அருமை. 3-ஐத் தாண்டி நிற்கும்போது பேசினால் செட்டின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் அடங்கும் இடம் வரை மட்டும் திருகுங்கள். அதற்கு மேல் போனால் தூரத்தில் கூப்பிடும் கூட்டாளியின் குரலும் சேர்ந்து அடங்கிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் சமவெளியில் ஐந்தாறு கிலோமீட்டர் பேசலாம். நடுவில் சலசலப்பு வரத்தான் செய்யும். பிளாஸ்டிக் ஒட்டும் தொழிற்சாலை இயந்திரங்களும் ரிமோட் பொம்மைக் கார்களும் இதே 27 மெகாஹெர்ட்ஸில்தான் இருக்கின்றன. பகிர்ந்துகொள்ளும் பட்டை என்பதால் யார்மேலும் புகார் சொல்ல முடியாது. சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருப்பவரின் குரல்கூட வந்து விழும். கேட்கச் சுகமாக இருக்கும், பின்னால் வரும் வண்டியின் குரலை அது அமுக்கியும் விடும்.

மலையில் கதையே வேறு. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் ஒரு பாறைத் திரட்சி வந்துவிட்டால் அடுத்த வளைவில் இருப்பவருக்குக்கூட எட்டாமல் போகும். எதிரே வரும் பஸ்காரரிடம் செட் கிடையாது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பதை ரேடியோவை நம்பி விட்டுவிடாதீர்கள்.

வால்பாறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் யானை நடமாட்டத்தை ஜனங்களுக்குத் தெரிவிக்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்தகுமார் குழுவினர் ஒரு ஏற்பாடு செய்தார்கள். குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, செல்போனில் கூப்பிட்டால் எரியும் சிவப்பு விளக்கு. 2015-ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. அதில் இருந்த கருவிகள் எல்லாம் சாதாரணமானவை. யார் தகவல் சொல்வது, யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள், அதனால்தான் பலித்தது. உங்கள் வண்டிக் கூட்டத்திலும் கிளம்பும் முன்பே எந்தச் சேனல், யார் முன்னால், பதில் வராவிட்டால் எங்கே நின்று காத்திருப்பது என்று பேசி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, வண்டி ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. மைக் அதில் வராது என்று வாதாடிப் பார்க்கும் இடம் கொண்டை ஊசி வளைவு இல்லை. மைக்கைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள். ஒற்றை ஆளாகப் போகிறீர்களா, செட்டே வேண்டாம். அவசரமென்றால் சிக்னல் உள்ள இடத்தில் நிறுத்தி 112-ஐ அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் 1033.